பறை கற்றுக்கொள்ள எவ்வளவு செலவாகும்? திண்டுக்கல் பெண் பிள்ளைகளின் கணக்கு

முழு ஆண்டுத் தேர்வு முடிந்தால் போதும், திண்டுக்கல் நகரில் சம்மர் கிளாஸ் பேனர்கள் முளைத்துவிடும். கீபோர்டு, பரதநாட்டியம், ஓவியம், சிலம்பம், கராத்தே என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். கீழே ஒரு செல்போன் எண். கட்டணம் எவ்வளவு என்பது போன் போட்டால்தான் தெரியும். மாதக் கட்டணம், உடை, கருவி, ஆண்டு விழாவுக்குத் தனி வசூல் என்று கூட்டிப் பார்க்கும்போதுதான் பல பெற்றோர் 'அடுத்த வருஷம் பாத்துக்கலாம்' என்று போனை வைக்கிறார்கள்.

அந்தப் பேனர்களில் பறையைப் பார்ப்பது அபூர்வம். இத்தனைக்கும் அதற்கு மாஸ்டர் கட்டணம் பெரிதாக இருந்ததில்லை. கருவியும் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். காசுக் கணக்கில் பார்த்தால், ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கைக்கெட்டும் கலை இதுதான். ஆனால் அதைக் கற்றுக்கொள்ள ஒரு பெண் பிள்ளை கொடுக்க வேண்டியிருந்த விலை காசில் இல்லை.

அந்த விலையைக் குறைக்க முயன்ற இடம் ஒன்று திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. சக்தி கலைக்குழு என்று பலருக்கும் தெரிந்த சக்தி நாட்டுப்புறப் பண்பாட்டு மையம். 1990களிலிருந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட தலித் இளம்பெண்களுக்குப் பறையும் மற்ற கிராமியக் கலைகளும் கற்றுத்தரும் இந்த மையத்தை நடத்தியவர்கள் சகோதரி சந்திரா, சகோதரி பெல்சி என்ற இரண்டு கத்தோலிக்கத் துறவிகள்.

குழந்தைகளுக்குக் 'குறைந்த செலவில் கலைக் கல்வி' என்று அரசும் அறக்கட்டளைகளும் பேசும்போதெல்லாம் பேச்சு கட்டணத்தில் தொடங்கிக் கட்டணத்திலேயே முடிந்துவிடுகிறது. திண்டுக்கல் அனுபவம் சொல்வது வேறு. கட்டணம் என்பது மொத்தச் செலவில் சின்னப் பகுதி.

*பறையில் அப்படி என்ன சிக்கல்?*

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது பறையையும் அந்தப் பட்டியலில் வைக்கிறது. அதாவது தெய்வம், உணவு, மரம், பறவை மாதிரி பறையும் ஒரு நிலத்தின் அடையாளம். பின்னாளில் அதே கருவி ஒரு சாதியின் அடையாளமானது. ஆங்கிலத்தில் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் வழங்கும் 'பறையா' என்ற சொல் இங்கிருந்து போனதுதான். ஒரு வாத்தியத்தின் பெயர் இன்னொரு மொழியில் போய் வசைச்சொல்லாக உட்காருவது உலகத்தில் வேறு எந்த இசைக்கருவிக்காவது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

கிராமத்தில் பறை வாசிப்பது பல இடங்களில் விருப்பம் சார்ந்த விஷயமாக இருக்கவில்லை. சாவு வீட்டுக்குப் போக வேண்டும், திருவிழாவுக்குப் போக வேண்டும், ஊர் அறிவிப்பு என்றால் அடிக்க வேண்டும். கூலி என்று கிடைத்தது நெல்லோ, சாப்பாடோ, சாராயமோ. பேச்சு வழக்கைக் கவனித்தாலே போதும்: நாதஸ்வரம் 'வாசிக்கிறார்கள்', மிருதங்கம் 'வாசிக்கிறார்கள்', பறை மட்டும் 'அடிக்கிறார்கள்'. அதை மாற்றி 'இசைக்கிறோம்' என்று சொல்ல வைப்பதே பல குழுக்களின் முதல் பாடமாக இருக்கிறது.

இதனால்தான் தலித் இயக்கங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. 'இந்த இழிவே வேண்டாம், பறையைத் தூக்கிப் போடு' என்றார்கள் ஒரு சாரார். பல ஊர்களில் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டு நிறுத்தினார்கள். அதற்காக அடிபட்டவர்களும் உண்டு. 'தப்பு கருவி மேல் இல்லை, அதை அடிக்க வைத்த முறை மேல்தான்; கருவியை மீட்டெடுப்போம்' என்றார்கள் இன்னொரு சாரார். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, 2005-ல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, கிராமிய இசையை விடுதலையின் மொழியாகப் பயன்படுத்தியதில் முக்கியமானவர். சக்தி கலைக்குழுவும் இந்த இரண்டாவது வழியில்தான் வருகிறது.

வேண்டாம் என்று சொன்னவர்களின் நியாயத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. அப்பா, தாத்தா எல்லாம் எதை விட்டு வெளியே வரப் போராடினார்களோ அதைப் பொண்ணு போய் ஆசையாகக் கற்றுக்கொள்வதை எந்த வீடு சட்டென்று ஏற்றுக்கொள்ளும்? சென்னையில் ஐ.டி. ஊழியர் ஒருவர் வார இறுதியில் பறை கற்றுக்கொண்டால் அது பண்பாட்டு ஆர்வம். திண்டுக்கல் பக்கத்துக் காலனியில் ஒரு பெண் கற்றுக்கொண்டால், 'மறுபடியும் அங்கேயே போறியா?' என்று கேள்வி வரும். ஒரே கருவி, ஒரே அடவு. கற்பதற்கான விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

*பெண்கள் வந்தது எப்படி?*

பறை மரபாக ஆண்களின் கருவி. இடது தோளில் மாட்டி, வலது கையில் தடித்த அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய சிண்டுக்குச்சி பிடித்து, வாசித்துக்கொண்டே ஆட வேண்டும். காலை அகட்டி நிற்க வேண்டும், குதிக்க வேண்டும், தலை நிமிர்ந்து முன்னால் போக வேண்டும். 'பொம்பளப் புள்ளைன்னா அடக்க ஒடுக்கமா இருக்கணும்' என்று சொல்லி வளர்க்கப்பட்ட உடம்புக்கு இதில் எதுவுமே பழக்கம் இல்லாதது. நிகழ்ச்சிக்கு முன்னால் வைக்கோலோ காகிதமோ கொளுத்தித் தோலைச் சூடேற்றுவார்கள். அப்போதுதான் தோல் விறைத்துக் கணீரென்று சத்தம் வரும். மாட்டுத்தோலைத் தொடுவது, நெருப்புப் பக்கம் நிற்பது, கூட்டத்துக்கு நடுவில் சத்தம் எழுப்புவது என்று பெண்ணுக்கு 'கூடாது' என்று சொல்லப்பட்ட பலவும் ஒரே கருவியில் சேர்ந்துவிடுகின்றன.

அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழக இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன், பறையையும் தலித் இசையையும் பல ஆண்டுகளாக ஆராய்கிறவர். திண்டுக்கல் மையத்தைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தவர். அந்தப் படம் காட்டும் விஷயம் எளிமையானது: உடம்பு நிமிர்ந்தால் பேச்சும் நிமிர்கிறது. அங்கே பயிற்சி வெறும் அடவோடு நிற்பதில்லை. சாதி, பெண், கூலி பற்றிய உரையாடல் ஒரு பக்கம், சம்பாதிக்க உதவும் தொழில் பயிற்சி இன்னொரு பக்கம். பெண்கள் மையத்திலேயே சேர்ந்து வாழ்ந்து கற்றுக்கொள்கிறார்கள்.

ஏன் தொழில் பயிற்சி? இங்கேதான் திண்டுக்கல் சமவெளியின் கதை வருகிறது.

வேடசந்தூர், வடமதுரை பக்கம் போனால் நூற்பாலைகள் வரிசையாக இருக்கும். விடியற்காலையில் கிராமத்துச் சந்திப்புகளில் மில் வேன் வந்து நிற்கும். பத்தாவதோடு நின்ற பெண் பிள்ளைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் இதுதான். மேற்கு மாவட்டங்களிலும் திண்டுக்கல்லிலும் பரவியிருந்த 'சுமங்கலித் திட்டம்' பலருக்கு நினைவிருக்கும். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது பேச்சு. 2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டன. மிகை நேர வேலை, வெளியே போகத் தடை, பாதியில் விட்டால் பணம் கிடையாது என்று பல புகார்கள் அதில் பதிவாகின. சேர்ந்தவர்களில் கணிசமானோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்த பதின்வயதுப் பெண்கள்.

ஆக, ஒரு கலை மையம் இங்கே போட்டி போட வேண்டியது பக்கத்துத் தெரு டான்ஸ் கிளாஸோடு இல்லை. மில் வேனோடும், 'பதினெட்டு ஆனா கட்டிக் குடுத்துரலாம்' என்ற முடிவோடும்தான். வகுப்பு இலவசம் என்று சொன்னால் மட்டும் பிள்ளை வந்துவிடாது. அந்த மாதங்களில் அவள் வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கக்கூடிய சம்பளம் போகிறதே, அதுதான் உண்மையான கட்டணம். தங்க இடம், சாப்பாடு, கையில் ஒரு தொழில், மேடை ஏறினால் கிடைக்கும் மரியாதை எல்லாம் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு ஓரளவுக்காவது நேராகும்.

*சரி, அரசு வழியாக என்ன கிடைக்கிறது?*

சும்மா ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இயங்குகின்றன. 12 முதல் 25 வயதுவரை சேரலாம். மூன்று ஆண்டுப் படிப்பு, ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். மாத ஊக்கத்தொகை, பஸ் சலுகை எல்லாம் உண்டு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பாடங்கள். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். தனியார் வகுப்புகளோடு ஒப்பிட்டால் இது கொடைதான்.

இரண்டு பிரச்சினை. அந்த 17 மாவட்டங்களில் திண்டுக்கல் இல்லை. வடக்கே போனால் கரூரில் இசைப்பள்ளி, தெற்கே போனால் மதுரையில் அரசு இசைக் கல்லூரி. இரண்டுமே 60 கிலோமீட்டருக்கு மேல். நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ இருக்கும் 12 வயதுப் பிள்ளை தினமும் பள்ளிக்கூடத்தையும் விடாமல் அங்கே போய் வர முடியுமா? இரண்டாவது, அந்த ஏழு பாடங்களில் பறை இல்லை, ஒயிலாட்டம் இல்லை, கரகம் இல்லை. நாட்டுப்புறக் கலைகளுக்குத் தனியாக 25 இடங்களில் பகுதிநேரப் பயிற்சி மையங்கள் என்று அரசு பின்னர் அறிவித்ததே இந்த இடைவெளி தெரிந்ததால்தான் இருக்க வேண்டும்.

5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. பாட்டு, பரதம், ஓவியம் போன்றவற்றைப் பெயரளவுக் கட்டணத்தில் மாலையிலும் விடுமுறையிலும் சொல்லித் தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் மன்றம் இருப்பது நகரத்தில். மாலை வகுப்பு முடிந்து கிராமத்துக்கு டவுன் பஸ் பிடித்து, இருட்டில் இறங்கி நடக்க வேண்டும் என்றால், பையனை அனுப்புவார்கள். பெண் பிள்ளையை யோசிப்பார்கள். கட்டணத்தை இன்னும் பாதியாகக் குறைத்தாலும் இந்த யோசனை மாறாது.

மாவட்டத்தின் மேற்குப் பக்கம் பழனியில், தண்டாயுதபாணி சுவாமி கோயில் சார்பில் நாதஸ்வர, தவில் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அறநிலையத் துறையின் இதுபோன்ற பயிற்சிப் பள்ளி மாணவர்களுக்கு மாத ஊக்கத்தொகை 2021-ல் ரூ.1,000-லிருந்து ரூ.3,000 ஆனது, பிறகும் உயர்ந்தது. கவனிக்க வேண்டிய விஷயம் அந்த ஊக்கத்தொகைதான். படிக்கும் பிள்ளையிடம் கட்டணம் வாங்காதது ஒரு படி என்றால், படிக்கும் காலத்தில் கையில் காசு கொடுப்பது அடுத்த படி. பறைக்கு அந்த அடுத்த படி இன்னும் வரவில்லை.

மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் வழங்கும் உதவித்தொகை பற்றி நம்மூரில் அதிகம் பேர் கேள்விப்பட்டதே இல்லை. சி.சி.ஆர்.டி. என்றால் சிலருக்குத் தெரியும். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு, நாடு முழுவதும் ஆண்டுக்கு 650 பேருக்கு. ஆண்டுக்கு ரூ.3,600 உதவித்தொகை, அதோடு குருவுக்குக் கட்டணமாக ரூ.9,000 வரை. இதில் பரம்பரையாகக் கலை நிகழ்த்தும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் பரம்பரைக் கலைக் குடும்பங்களுக்கா பஞ்சம்? விண்ணப்பம் போட வேண்டும் என்று சொல்லவும், போட்டுக் கொடுக்கவும் ஆள் இல்லை என்பதுதான் பஞ்சம். 650 என்ற எண்ணும் 140 கோடிப் பேர் நாட்டுக்கு என்ன மூலைக்குக் காணும் என்பது வேறு விஷயம்.

*பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்தால்?*

எல்லா வழிகளிலும் இதுதான் நேர்வழி. பிள்ளை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும் இடம். தனி பஸ் வேண்டாம், தனி நேரம் வேண்டாம், 'எங்க போற?' என்ற கேள்வி வேண்டாம். கல்வி உரிமைச் சட்டமும் இதைச் சொல்கிறது. 6 முதல் 8-ஆம் வகுப்புவரை 100 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்பது அதன் அட்டவணையில் உள்ள விதி.

அந்த விதிப்படிதான் தமிழகத்தில் 2012-ல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் ரூ.5,000 சம்பளம். அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ரூ.12,500-க்கு வர பன்னிரண்டு ஆண்டு ஆனது. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பதில் தொடங்கி, நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தாத போராட்டம் இல்லை. 100 பிள்ளைகள் என்ற எல்லையும் சின்ன கிராமத்துப் பள்ளிகளைத் தானாகவே வெளியே நிறுத்திவிடுகிறது.

2022-23-ல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டி. ஜெயித்தவர்களுக்குக் 'கலையரசன்', 'கலையரசி' பட்டம், வெளிநாட்டுச் சுற்றுலா. பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே போட்டிகள் வந்தன. இசை, நடனத்தோடு கிராமியக் கலைகளும் மேடை ஏறுகின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மேடை கிடைப்பது சின்ன விஷயம் இல்லை, சந்தேகமே வேண்டாம். ஆனால் போட்டி என்பது கற்றுத்தருவது ஆகாது. ஏற்கெனவே எங்கோ கற்றுக்கொண்ட பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் போட்டி உதவும்.

*இலவசமாக நடத்தியவர்கள் எவ்வளவு நாள் தாங்கினார்கள்?*

காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. கட்டைக்கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபாலும் ஹன்னே எம். டி புருயினும் 2002-ல் அங்கே குருகுலம் தொடங்கினார்கள். காலையில் கூத்து, பகலில் பள்ளிப் பாடம், தங்கிப் படிக்கும் வசதி. ஆண்கள் மட்டுமே கட்டிய வேஷத்தைப் பெண் பிள்ளைகளும் கட்டினார்கள். கூத்தா படிப்பா என்று எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையை மாற்றிய பள்ளி அது. 2020-ல் மூடப்பட்டது. கட்டைக்கூத்துச் சங்கம் வேறு வழிகளில் வேலையைத் தொடர்கிறது. ஆனால் தங்கிப் படிக்கும் பள்ளி இல்லை.

தனிநபர்களின் பிடிவாதத்திலும் நன்கொடையிலும் ஓடும் எந்த மையத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. தங்குமிடம், சாப்பாடு என்று சேர்த்தால்தான் ஏழைப் பிள்ளை வர முடியும். அதைச் சேர்த்தாலே செலவு பல மடங்காகும். வெனிசுலாவில் 1975-ல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தில் 11 பேரை வைத்துத் தொடங்கிய 'எல் சிஸ்டெமா' இசைப் பயிற்சி, லட்சக்கணக்கான பிள்ளைகளிடம் போனதற்குக் காரணம், அரசு மாறினாலும் அரசுப் பணம் நிற்காமல் வந்ததுதான். பயிற்சி மையத்தைப் பிள்ளைகளின் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். கருவியையும் கொடுத்தார்கள். அரசியல் நெருக்கம் பற்றி அதன் மேல் விமர்சனமும் உண்டு. என்றாலும், பிள்ளையை மையத்துக்கு வரச் சொல்லாமல் மையத்தைப் பிள்ளையிடம் கொண்டு போனது கவனிக்க வேண்டியது.

திண்டுக்கல்லுக்கு அதைப் பொருத்திப் பார்த்தால், பெரிய கட்டடம் எதுவும் தேவைப்படாது. சக்தி போன்ற மையத்தில் பயின்று ஊர் திரும்பிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊர்ப் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பிற்பகல் சொல்லித் தரலாம். பிள்ளைகளுக்குத் தெரிந்த அக்கா, நடந்து போகும் தூரம், கூடவே மற்ற சாதிப் பிள்ளைகளும் அதே குச்சியைப் பிடிப்பார்கள். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். பறையைக் காலனிப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லித் தந்தால் பழைய முத்திரைதான் மறுபடியும் விழும். பரதம் கற்க எல்லோரும் போவதுபோல் பறை கற்கவும் எல்லோரும் வந்தால்தான் 'மறுபடியும் அங்கேயே போறியா?' என்ற கேள்வி வலுவிழக்கும்.

2025-ல் மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை ஆசான் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல்லிலிருந்து கூப்பிடு தூரம்தான். பத்மஸ்ரீ வாங்கும் கலையாக அது ஆகிவிட்டது. ஆனால் பறை பயின்ற ஒரு பெண் அரசுப் பள்ளியில் இசை ஆசிரியராக விண்ணப்பிக்க நினைத்தால் முதலில் கேட்கப்படுவது சான்றிதழ். அதற்காக அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம், இந்திய இசை, நடனம், தையல் எல்லாம் பாடங்களாக இருக்கின்றன. பறைக்கு அங்கே தனித் தாள் கிடையாது.